ஐந்தாம் நம்பர் மவுத்பீஸ்

செப்டம்பர் 2, திங்கள்

மருமகள் பிரிசில்லா கொடுத்த டைரி இது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய போன வருஷத்து டைரி. கிழமை பொருந்தாது. அச்சடித்ததை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றதால் எழுத்து ஒரு பக்கமாகச் சரியும். ஞாபகம் சரியாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள், எந்தச் சேலை உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இதில் எழுதச் சொன்னது செல்வின் மாஸ்டர். போலீஸ் பேண்டில் இருந்துவிட்டு வந்து இப்போது எங்கள் ஆறுதல்புரம் வேதக்கோவில் பேண்டை நடத்துகிறார். இன்று காலையில் மஞ்சள் பையோடு வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பையைக் கவிழ்த்தார். நாலு மவுத்பீஸ், குழலில் செருகி வாய் வைத்து ஊதுகிற முனைகள், சாப்பாட்டு மேசையில் உருண்டன.

"பெரியம்மா, ஒவ்வொண்ணா ஊதிப் பாருங்க. எதுல என்ன சத்தம் வருது, எங்க வலிக்கு, எம்புட்டு நேரம் தாங்குது, அம்புட்டையும் எழுதி வையுங்க. இருபத்தெட்டாந்தேதி வந்து கேப்பேன். சரியா வந்தா அசனத்தன்னைக்கு நீங்க. வரலன்னா டவுன்ல ஒரு ஆள்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"டவுன் ஆளுக்கு நம்ம கீர்த்தனை தெரியுமா தம்பி?"

"நோட்டைப் பாத்து வாசிப்பாரு."

நோட்டைப் பார்த்து வாசிப்பாராம். அந்த நோட்டின் மூலையில் என் பெயர் இருக்கிறது.

அக்டோபர் முதல் ஞாயிறு எங்களுக்கு அசனம். ஊரே சேர்ந்து பொங்கி, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. இந்த வருஷம் கோவிலுக்கு நூற்றைம்பது. நூறாவது வருஷத்துக்காக அப்போது சபையை நடத்தின உபதேசியார் ஒரு கீர்த்தனை கட்டினார். அதில் இரண்டாவது சரணம் யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழலுக்கு மட்டும். எட்டு வரி. மற்ற ஊதுகுழல் எல்லாம் நிற்கும், டிரம்மும் நிற்கும். ஆனால் அந்த எட்டு வரியை இதுவரை யூபோனியம் வாசித்ததில்லை. சின்னக் குழலான கார்னெட்தான் வாசிக்கிறது. மாஸ்டர் போன மாதம் கோவில் பீரோவைச் சுத்தம் பண்ணும்போது உபதேசியார் கைப்பட எழுதின தாள் கிடைத்தது. "யூபோனியம், ஞானப்பூ" என்று மூலையில் எழுதியிருக்கிறார். ஞானப்பூ நான்தான்.

ஏன் வாசிக்கவில்லை என்பதைப் பிறகு எழுதுகிறேன். இன்றைக்கு எழுதினால் சோறு இறங்காது.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒன்றாம் நம்பர். இது நம்ம பேண்டுப் பெட்டியில் கிடந்தது. கிண்ணம் ஆழமில்லை, விளிம்பு மெலிசு, நடுத்துளை சின்னது. பல் எடுத்ததில் ஊதுவதை விட்டு இரண்டு வருஷம் கழித்து யூபோனியத்தை அலமாரி மேலிருந்து இறக்கினேன். துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, மடியில் வைத்தால் என் மடி அதை அறிந்து கொண்டது. ஊதினேன்.

காற்று மட்டும் போனது. மேல்வரிசையில் ஆறு பல் எடுத்துப் பல்செட் வைத்திருக்கிறது. உதட்டை அழுத்தினால் செட் உள்ளே நகர்கிறது, ஓரத்தில் காற்று கழன்றுவிடுகிறது. பத்தாவது தரம் சத்தம் வந்தது. வந்துவிட்டதே.

ஆனால் என்ன சத்தம். மேல்நோட்டு சுலபமாக ஏறுகிறது, பளிச்சென்று இருக்கிறது. கீழே இறங்கினால் பால்காரன் ஹாரன். இந்தக் கிண்ணத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். யூபோனியத்துக்குக் கார்னெட் மாதிரிப் பேச ஆசை வந்தால் இதைப் போடலாம்.

வலி: மேல் ஈறு. தாங்கின நேரம்: ஆறு நிமிஷம்.

செப்டம்பர் 5, வியாழன்

இரண்டாம் நம்பர். டவுன் கடையில் வாங்கின புதுசு. கிண்ணம் எங்கள் ரசக் கரண்டி ஆழம். எடுத்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் தண்டு தடிமன். குழாய்க்குள் நுழைய மாட்டேன் என்கிறது. ஒரு விரல் அகலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதனால் குழலே நீளமாகிவிட்ட மாதிரி எல்லா நோட்டும் கொஞ்சம் இறங்கிப் பேசுகிறது. சத்தமோ பெரிய சத்தம். நம் காற்றை வாளி வாளியாகக் குடிக்கிறது. இரண்டு வரியில் எனக்குக் கண் இருட்டியது.

பிரிசில்லா ஓடி வந்தாள். "அத்தை, தண்ணி குடிங்க. இதெல்லாம் தேவையா?"

"நீ போய்ச் சட்னியைப் பாரு. அடிபிடிக்கி."

நிஜமாகவே அடிபிடித்திருந்தது.

செப்டம்பர் 7, சனி

மூன்றாம் நம்பர், டிராம்போனுடையது. தண்டு மெலிசு, லொடலொடவென்று ஆடுகிறது. நம் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. கோவிலில் கொடுக்கும் ஆராதனைத் தாளைக் கிழித்துத் தண்டில் சுற்றிச் செருகுவார்கள். நானும் சுற்றினேன். முதலில் நன்றாக இருந்தது. பத்து நிமிஷத்தில் தாள் எச்சிலில் ஊறி, இடுக்கில் காற்று கசிந்து, ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். வேண்டாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு மவுத்பீஸ் இருந்தது. நான் வளர்ந்தது பெண்பிள்ளைகள் விடுதியில். அங்கே பேண்டு இருந்தது, யூபோனியம் எனக்கு. கல்யாணமாகிப் புறப்படும்போது பேண்டு டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுத்பீஸை மட்டும் கழற்றி என் கையில் வைத்தார்கள். வெள்ளி பூசினது. விளிம்புக்குக் கீழே பச்சரிசி அளவு ஒரு பள்ளம், அது கிணற்றுப்படியில் நான் போட்டது. தண்டில் மூன்று கீறல், அது மற்றப் பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாதென்று ஆணியால் நான் கீறினது. இங்கே வந்து ஊர் யூபோனியத்தில் செருகினால் தாள் கீள் ஒன்றும் வேண்டாம், ஒரு திருகு, அசையாது. பேண்டில் நான் ஒருத்திதான் பெண். என் வீட்டுக்காரர் தவசிமுத்து டிரம். அவர் அடிக்க நான் ஊதுவேன்.

நூறாவது வருஷ அசனத்துக்கு நான் சரணம் வாசிக்க வேண்டும். அன்றைக்கு விடியக்காலம் பெட்டியைத் திறந்தால் யூபோனியம் இருக்கிறது, மவுத்பீஸ் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பெட்டி வைத்திருந்த அறைக்குள் போய் வந்தவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரருடைய தங்கச்சி ரத்தினபாய். புதுசாகக் கல்யாணமாகி மாமியார், மாமனாரோடு பண்டிகைக்கு வந்திருந்தாள். நாவல்பழக் கலர் சேலை. பச்சைக் கரை. அன்றைக்குக் காலையில் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். திருட்டு முழி எனக்குத் தெரியாதா.

கேட்டேன். இல்லை என்றாள். பந்தி போட்டிருக்கிற இடத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தேன். மவுத்பீஸ் இல்லை. எங்கேயோ எறிந்துவிட்டாள்.

அன்றைக்குச் சரணத்தைக் கார்னெட் வாசித்தது. அடுத்த வருஷமும் கார்னெட். அப்படியே வழக்கமாகிவிட்டது. எனக்கு வேறு மவுத்பீஸ் வந்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் கூட்டத்தோடு கூட்டமாக ஊதினேன். அவளோடு அன்றிலிருந்து பேச்சில்லை. பிறகு அவள் இங்கேயே குடிவந்துவிட்டாள். ஒரே ஊரில், நாலு வீடு தள்ளி.

அந்த வருஷம் எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று நிற்கவில்லை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பல் டாக்டரிடம் போனேன். செட்டை ஒட்டவைக்கிற பசை கொடுத்தார். "என்ன பாட்டி, முறுக்கு கடிக்கீங்களா?" என்றார். யூபோனியம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விளிம்பு அகலமான மவுத்பீஸாக இருந்தால் அழுத்தம் பரவும், ஈறு பிழைக்கும் என்றார். பாட்டி என்றதை மன்னிக்கவில்லை. ஆனால் சொன்னது சரி.

செப்டம்பர் 14, சனி

நாலாம் நம்பர். மாஸ்டருடைய சொந்தச் சாமான். விளிம்பு அகலமாக, தட்டையாக, மெத்தை மாதிரி. கிண்ணம் நடுத்தரம். தண்டு பொருந்துகிறது. பசையும் போட்டுக்கொண்டு ஊதினேன். செட் அசையவில்லை. பதினைந்து நிமிஷம், இருபது, இருபத்தைந்து. அசனத்தன்று ஊர்வலத்தில் ஊதுகிற பவனிப் பாட்டு நாலும் ஊதிவிட்டுத்தான் கீழே வைத்தேன். ஈறு வலிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன், உட்கார முடியவில்லை சந்தோஷத்தில். பிரிசில்லாவை மொபைலில் மாஸ்டரைக் கூப்பிடச் சொல்லி, ஊதிக் காட்டினேன்.

"அருமை பெரியம்மா. இதுவே போதும்."

போதும்தான். சத்தம் சுத்தமாக இருக்கிறது, சீராக இருக்கிறது. ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குத் தாவும்போது கொஞ்சம் சோம்பல், அகல விளிம்பில் உதடு சிக்கிக்கொள்கிறது. அது பரவாயில்லை. சரணத்தை வாசித்தால்தான், பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வார்த்தையும் தப்பில்லை. யாரும் நின்று கேட்க மாட்டார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோவிலில் ரத்தினபாய் எனக்கு எதிர்வரிசை. ஆராதனை முடிந்து வரும்போது மாஸ்டரை நிறுத்தி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டாள். என் பல்லைப் பற்றித்தான் பேசியிருப்பாள்.

செப்டம்பர் 18, புதன்

இன்றைக்கு மாஸ்டர் ஒரு பழைய பவுடர் டப்பாவோடு வந்தார். உள்ளே துணி சுற்றி ஒரு மவுத்பீஸ்.

"இது யார்ட்ட இருந்து தம்பி?"

"ஒருத்தாவ குடுத்தாவ. பேரு சொல்லப்பிடாதுன்னுட்டாவ. ஊதிப் பாருங்க, சேரலன்னா திருப்பிக் குடுத்துருதேன்."

ஐந்தாம் நம்பர் என்று எழுதிக்கொள்கிறேன். வெள்ளிப் பூச்சு அங்கங்கே தேய்ந்திருக்கிறது. கறுக்கவில்லை. யாரோ வருஷா வருஷம் சாம்பலோ பல்பொடியோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். விளிம்பு மெலிசு, உருண்டை. கிண்ணம் புனல் மாதிரி சரிந்து ஆழமாக இறங்குகிறது. செருகினேன். ஒரு திருகு. அசையவில்லை.

ஒரே ஒரு நோட்டு ஊதினேன். நீளமாக.

பிரிசில்லா அடுப்படியில் இருந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். "அத்தை, இது எதுல ஊதுறீங்க?" என்றாள். அவள் இதுவரை நம்பர் கேட்டதில்லை.

கருப்பட்டிப் பாகு சிரட்டையில் ஊற்றும்போது ஒரு நிறம் வரும். அந்த நிறம். வெளிச்சமும் இருக்கிறது, உள்ளே இருட்டும் இருக்கிறது. கீழ்நோட்டு தரையில் நடந்து வருகிறது. மேல்நோட்டு கத்தவில்லை, பாடுகிறது.

தண்டில் மூன்று கீறல் இருக்கிறது. யாராவது ஆணியால் கீறியிருப்பார்கள். விளிம்புக்குக் கீழே பள்ளம் இருக்கிறது. கீழே விழுந்தால் எந்த மவுத்பீஸிலும் பள்ளம் விழும்.

செப்டம்பர் 19, வியாழன்

ஐந்தாம் நம்பர். துணியைத் துவைக்கப் போட்டேன். ஆம்பிளைக் கைக்குட்டை. மூலையில் சிவப்பு நூலில் "த" என்று தைத்திருக்கிறது. அந்தத் "த" எனக்குத் தெரிந்த தையல்தான். அவருக்காக நான் தைத்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

ஊதவில்லை. பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துத் தேய்த்தேன்.

செப்டம்பர் 21, சனி

போனேன். ஐம்பது வருஷமாக மிதிக்காத ரத்தினபாய் வாசல். அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மைனி. உக்காருங்க" என்றாள், நேற்றுத்தான் வந்துபோன ஆளிடம் சொல்வது மாதிரி.

"உக்கார வரல."

"நின்னுக்கிட்டே ஏசினா கால் வலிக்கும்லா. எழுவது வயசாச்சு ஒங்களுக்கு."

"ஒனக்கு அறுவத்தொம்பது. ரொம்ப எளசு."

உட்கார்ந்தேன். மவுத்பீஸைக் கீரை மேல் வைத்தேன். "இது யாருது?"

"ஒங்களுதுதான்."

"எடுத்தவ அம்பது வருஷம் கழிச்சுக் குடுக்கியோ?"

"நான் எடுக்கல மைனி. அண்ணன் கொண்டாந்து என் கையில குடுத்தாவ. அசனத்துக்கு மொத நாள் சாயங்காலம்."

நான் பொய் என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே பேசினாள். தலை நிமிரவில்லை.

"முந்தினது அஞ்சாம் மாசத்துல போச்சுல்லா. இதுவும் அஞ்சாம் மாசம். மூச்சுப் பிடிச்சு ஊதினா வயிறு எறங்கிரும்னு எங்க அம்ம அண்ணனைப் போட்டுப் பிச்சு எடுத்துட்டாவ. 'அவகிட்ட சொன்னா கேக்க மாட்டா ரத்தினம், பிள்ள பொறக்கட்டும், பொறவு குடுத்துருவோம்'னு சொல்லி அண்ணன் அழுதாவ."

"அவரு அழுற ஆளு இல்ல."

"ஒங்ககிட்ட அழுதிருக்க மாட்டாவ."



"பிள்ள பொறந்த பொறவு குடுக்க வேண்டியதுதானே?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "எங்க மாமியா முன்னால என் பெட்டியக் கவுத்துனீங்க. என் உள்பாவாடை பந்தி எலையில போய் விழுந்துச்சு. அதுக்குப் பொறவு இந்தா மைனின்னு எடுத்து நீட்டினா ஊரு என்ன சொல்லும்? நீங்க சொன்னது நெசம்னு ஆயிரும். அண்ணன்தான்னு சொல்லலாம். அண்ணனும் நீங்களும் ஒரே வீட்ல இருக்கணும்லா. ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா."

"அவரு செத்தே பதினஞ்சு வருஷமாச்சு."

"செத்த மனுசன் மேல பழி போடச் சொல்லுதியளா?"

கீரைக் காம்பு ஒன்றை ஒடித்துப் போட்டாள். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஐம்பது வருஷமாக அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு துணியும் எனக்கு ஞாபகம். மவுத்பீஸ் இல்லை.

"அப்ப பெட்டிக்குள்ள இல்லியே. எங்க வச்சிருந்த?"

"இடுப்புல. சேலக் கொசுவத்துல சொருவி, முந்தானையச் சுத்திக்கிட்டேன். நீங்க கவுத்தும்போது வயித்தைக் குத்திக்கிட்டே இருந்துச்சு."

நாவல்பழக் கலர். பச்சைக் கரை. அந்தச் சேலையை நான் ஐம்பது வருஷம் ஞாபகத்தில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எழுந்து வந்துவிட்டேன். வாசலில் வைத்து, "கீரையில பூச்சி இருக்கு, பாத்து ஆயி" என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மகன் மஸ்கட்டில் இருந்து கூப்பிட்டான். வருகிற பிப்ரவரியில் அவனுக்கு ஐம்பது முடிகிறது. "என்னம்மா கொரல் ஒரு மாரி இருக்கு?" என்றான். பல்செட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன் என்றேன். சாப்பிட்டாயா என்று இரண்டு தரம் கேட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

ஐந்தாம் நம்பரைத் தினமும் ஊதுகிறேன். சரணம் வருகிறது. பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த மெலிசு விளிம்பு இருபது வயசு வாய்க்குச் செய்தது. உதட்டைக் கத்தி மாதிரிப் பிடிக்கும், அதனால்தான் நோட்டுக்கு நோட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. அதே விளிம்பு இப்போது பல்செட்டைத் தாண்டி ஈறில் இறங்குகிறது. எட்டு வரி தாங்கும். ஒன்பதாவது வரி தாங்காது. இன்றைக்கு எச்சிலில் ரத்தம்.

நாலாம் நம்பர் அரைமணி தாங்கும். எட்டு வரி பாடாது.

செப்டம்பர் 28, சனி

மாஸ்டர் கேட்டார். கோவில் ஹாலில், முழு பேண்டோடு. பவனிப் பாட்டு நாலு, அப்புறம் கீர்த்தனை, முதல் சரணம், இரண்டாவது சரணம்.

நான் பிடிவாதமாக ஐந்தாம் நம்பரில் ஆரம்பித்தேன். மூன்றாவது பவனிப் பாட்டில் உதடு மரத்துவிட்டது. சரணத்தின் இரண்டாவது வரியில் காற்றுத்தான் வந்தது. கார்னெட் வாசிக்கிற ஸ்டான்லி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பாதான் அன்றைக்கு என் சரணத்தை வாசித்தது. அதையும் மறக்கவில்லை.

மாஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "நாலாம் நம்பர்ல வாசிச்சிருங்க பெரியம்மா. ஒண்ணும் மோசமில்ல."

"அதுல சரணம் செத்துப்போவும் தம்பி."

"அப்ப நான் டவுனுக்குப் போன் போடட்டுமா?"

"பவனிக்கு நாலு. சரணத்துக்கு அஞ்சு. நடுவுல மாத்துதேன்."

அவர் தாளைப் பார்த்தார். முதல் சரணம் முடிந்ததும் டிரம் மட்டும் நாலு அடி அடிக்கும். அவ்வளவுதான் நேரம். பழைய மவுத்பீஸைப் பிடுங்கிப் புதுசைத் திருகி வாயில் வைக்க வேண்டும்.

"சேலையில பை கெடையாது. ரெண்டு கையும் கருவியில இருக்கும். எங்க வச்சிருப்பீங்க? அது போக, விடியக்காலம் பவனி. அதுவரைக்கும் சும்மா கெடந்தா பித்தளை ஜில்லுன்னு இருக்கும். சூடில்லாத மவுத்பீஸ்ல மொத நோட்டுப் பிசிறும், ஒங்களுக்கே தெரியும். கைக்குள்ளேயே வச்சிருந்து, சரியான அடியில நீட்ட ஒரு ஆள் வேணும்."

"பிரிசில்லா?"

"அவிய பாடகர் குழுவுல முன்னால நிக்காவ."

"நான் ஆள் கொண்டுவாரேன்" என்றேன்.

"வியாழக்கிழமை ஒத்திகை. அன்னைக்கு மாத்திக் காட்டுங்க. இல்லன்னா டவுன்தான்."

அக்டோபர் 1, செவ்வாய்

ரத்தினபாயிடம் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். இந்த அடியில் நீட்ட வேண்டும், அதுவரை சூடாக வைத்திருக்க வேண்டும் என்றேன்.

"அம்பது வருஷம் வச்சிருந்தேன். அரைமணி நேரம் வச்சிருக்க மாட்டேனா" என்றாள்.

"தாளம் தெரியுமா ஒனக்கு?"

"டிரம் அடிச்சவரோட தங்கச்சிலா நான்."

அக்டோபர் 3, வியாழன்

ஒத்திகை. முதல் தரம் அவள் ஒரு அடி முந்திவிட்டாள், நான் ஒரு அடி பிந்திவிட்டேன், மவுத்பீஸ் தரையில் உருண்டது. புதுப் பள்ளம் விழவில்லை. இரண்டாம் தரம் இருவரும் ஒரே நேரத்தில் "பிடி" என்றோம், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்றாம் தரம் சரியாக வந்தது. நாலாம் தரம் சரியாக வந்தது. மாஸ்டர் போனை எடுத்து டவுன் ஆளிடம் வர வேண்டாம் என்றார். என் காது கேட்கச் சொன்னார்.

வரும்போது இருவரும் ஒரே பாதையில் வந்தோம். நாலு வீடுதானே. "அண்ணனுக்கு இது பிடிச்சிருக்கும்" என்றாள். நான் அவருடைய பெயரைச் சொல்லித் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளும் ஒன்றிரண்டு சேர்த்துத் திட்டினாள்.

அக்டோபர் 5, சனி

பந்தல் போட்டாயிற்று. ஆட்டுச் சத்தம், தேங்காய் உடைக்கிற சத்தம். யூபோனியத்தைப் புளி போட்டுத் துலக்கினேன். பிரிசில்லா சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

அசனம். கணக்கு எழுதச் சொன்னார், எழுதி முடித்துவிடுகிறேன்.

நாலாம் நம்பர்: பவனிப் பாட்டு நாலு, கீர்த்தனை முதல் சரணம். இருபத்தெட்டு நிமிஷம். வலி இல்லை. பல்செட் அசையவில்லை.

கோவில் வாசலில் பவனி நின்றது. கூட்டம் ரோடு வரைக்கும். முதல் சரணம் முடிந்து டிரம் நாலு அடி. முதல் அடியில் நாலாம் நம்பரைக் கழற்றி இடதுபக்கம் நின்ற ரத்தினபாயிடம் நீட்டினேன். இரண்டாவது அடியில் அது என் கையை விட்டுப் போனது. மூன்றாவது அடிக்கு அவள் தன் இடுப்புக்குள் கையை விட்டு, கொசுவத்தில் இருந்து எடுத்தாள். என் உள்ளங்கையில் வைத்தாள். சுட்டது. அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி இருந்தது. ஒரு திருகு. நாலாவது அடி முடிந்தது.

ஐந்தாம் நம்பர்: இரண்டாவது சரணம், எட்டு வரி. முதல் நோட்டு பிசிறவில்லை. கீழ்நோட்டு தரையில் நடந்து வந்தது. ஆறாவது வரியில் வலி ஆரம்பித்தது, ஏழில் கண்ணில் தண்ணீர் வந்தது, அது வலியால். எட்டாவது வரியை முழுசாகப் பிடித்து, உபதேசியார் எழுதின நீளத்துக்குப் பிடித்து, விட்டேன். டிரம் திரும்ப வருவதற்கு முன்னால் ஒரு அமைதி இருந்தது. அதற்குத்தான் ஐம்பது வருஷம்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். ஸ்டான்லி கார்னெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினான். அவனுடைய அப்பாவை மன்னித்தேன். அவன் விஷயத்தை இன்னும் யோசிக்க வேண்டும்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ரத்தினம் உட்கார்ந்தாள். எனக்குக் கறி மெல்ல முடியாது என்று தெரிந்து ஈரலாகப் பொறுக்கி என் இலையில் வைத்தாள். மவுத்பீஸைக் கழுவித் துடைத்து அவளிடமே கொடுத்தேன். அடுத்த அசனம் வரைக்கும் அவளே வைத்திருக்கட்டும். என்னைவிட நன்றாகத் தேய்க்கிறாள்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க. இன்றைக்கு அவள் உடுத்தியிருந்தது நாவல்பழக் கலர் சேலை, பச்சைக் கரை. அதேதான். மடிப்பு மடிப்பாய் வெளுத்திருந்தது. வேறு சேலை இல்லாமல் இல்லை. வேண்டுமென்றேதான் உடுத்தி வந்திருக்கிறாள்.